ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்க வேண்டியிருக்கிறது?

கேள்வியைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன்: "அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் புதிதாகச் சேருகிறார்கள். ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர், இன்னொருவர் முழுப் பார்வையற்றவர். இதுவரை இங்கே மாற்றுத்திறனாளிகள் யாரும் வேலை பார்த்ததில்லை. அவர்களிடம் எப்படிப் பேசுவது, என்னென்ன உதவி செய்வது, மனம் நோகாமல் எப்படி நடந்துகொள்வது? முதல் நாள் மேடையில் ஒரு சிறப்பு வரவேற்பு வைக்கலாம் என்று யோசிக்கிறோம், சரிதானா?"

வரவேற்பைக் கடைசியில் பார்ப்போம். நான் பத்தொன்பது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், முதுகுத்தண்டில் பட்ட அடி. அதில் பாதிக் காலம், கட்டடங்களைச் சுற்றிப் பார்த்து எங்கே என்ன இடிக்கிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டிருப்பது முழுக்க நடத்தை பற்றி. நல்ல மனதோடு கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில், முகம் கொடுத்துப் பேசாத ஆட்களால் பட்ட கஷ்டம் கொஞ்சம்தான். தங்கமான ஆட்கள் நிறைந்திருந்து, கழிவறைக் கதவு மட்டும் குறுகலாக இருந்த இடத்தில்தான் அதிகம் பட்டேன். அதனால் உங்களுக்கு ஒரே ஒரு அளவுகோல் தருகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்: புதிதாக வருபவர் ஒரு நாளில் எத்தனை முறை அடுத்தவரிடம் "கொஞ்சம் இதைச் செய்துதர முடியுமா" என்று கேட்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண் குறைந்தால் உங்கள் ஏற்பாடு வேலை செய்கிறது. குறையவில்லை என்றால், எல்லோரும் எவ்வளவு சிரித்த முகத்தோடு உதவினாலும் வேலை செய்யவில்லை.

என் பழைய அலுவலகம் ஒன்றில் நானே ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். வாசல் கதவு கனம், இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். அட்டையைக் காட்டும் கருவி நிற்கிறவர் தோள் உயரத்தில். குடிநீர்க் குழாய் மேடைக்கு அந்தப் பக்கம். அச்சு இயந்திரத்துக்குப் போகிற வழியில் எப்போதும் இரண்டு அட்டைப் பெட்டி. கழிவறைக்கு ஒருவர் கதவைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று யாரும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை பதினொரு மணிக்குள் ஏழு முறை கேட்டாகிவிட்டது. ஒருவர்கூட மறுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, அதுதான் இதில் விஷயம். ஏழு முறையும் நான் சிரித்தேன், ஏழு முறையும் நன்றி சொன்னேன், யார் கையில் வேலை இல்லாமல் இருக்கிறார் என்று ஏழு முறை நோட்டம் பார்த்தேன். இதற்குப் பிறகுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை ஆரம்பிக்கும்.

ஆறு மாதத்தில் என்ன ஆனது தெரியுமா, தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் கேட்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு ஒரு சொட்டு கிடையாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அப்புறம் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மருத்துவரிடம் திட்டு. சக்கர நாற்காலியில் வேலைக்குப் போகிறவர்களிடம் பழகிக் கேட்டுப் பாருங்கள், இந்தத் தண்ணீர்க் கணக்கைப் பலர் வைத்திருப்பார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள். முதுகுத்தண்டு பாதித்தவர்களில் பலருக்கு நேரம் தவறாமல் சிறு குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருக்கும். அது ஓடிப்போய் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு வருகிற காரியம் இல்லை, சுத்தமான இடமும் கை கழுவ வசதியும் பூட்டுகிற கதவும் வேண்டும்.

இந்தக் கோணம் என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பிரிட்டனில் பால் ஹன்ட் என்பவர் 1972ல் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார், விடுதிகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் எங்களைப் போன்றவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று. அதிலிருந்து பிறந்த அமைப்பு 1976ல் தன் கொள்கையை வெளியிட்டது. சாரம் இவ்வளவுதான்: உடம்பில் இருக்கிற குறை வேறு, அந்தக் குறையோடு இருக்கிறவரைச் சமூகம் வெளியே நிறுத்துவது வேறு. 1983ல் மைக் ஆலிவர் இதற்குச் சமூக மாதிரி என்று பெயர் வைத்தார். என் கால் நடக்காதது என் உடம்பின் சங்கதி, உங்கள் வாசலில் நாலு படி இருப்பது உங்கள் கட்டடத்தின் சங்கதி. இதை முழு வேதமாக நான் எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் வலியும் அசதியும் எந்தச் சாய்தளம் போட்டாலும் போகாது. ஆனால் ஓர் அலுவலகம் எங்கே கை வைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரிந்து இல்லை.

எட் ராபர்ட்ஸ் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினான்கு வயதில் போலியோ, கழுத்துக்குக் கீழே அசைவு கிட்டத்தட்ட இல்லை, இரவில் மூச்சு விட முன்னூற்று அறுபது கிலோ எடையுள்ள இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். 1962ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். மாணவர் விடுதித் தளம் அந்த இயந்திரத்தின் கனத்தைத் தாங்காது என்பதால் வளாக மருத்துவமனையில் ஓர் அறை கொடுத்தார்கள். மாநிலத்தின் மறுவாழ்வுத் துறை, இவரால் வேலை பார்க்கவே முடியாது என்று சொல்லி முதலில் உதவித்தொகை தர மறுத்திருந்தது. 1975ல் அதே துறைக்கு அவரையே இயக்குநராக நியமித்தார்கள். இதைப் பெரும்பாலும் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த மருத்துவமனை அறைதான் முக்கியமாகப் படுகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, விடுதி தாங்காது, சரி, எந்தத் தளம் தாங்கும் என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனை இல்லாமல் போயிருந்தால் தன்னம்பிக்கை வாசலிலேயே நின்றிருக்கும்.

சரி, உங்கள் கட்டடத்துக்கு வருவோம். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு இந்த வாரமே சுற்றி வாருங்கள். வாசலில் சாய்தளம் இருக்கிறது என்று சொல்வீர்கள். சாமான் ஏற்றுவதற்குப் போட்ட சரிவைச் சாய்தளம் என்று காட்டுகிற இடங்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். கணக்கு 1க்கு 12: ஒரு படி அளவுக்கு 15 சென்டிமீட்டர் உயரம் ஏற வேண்டுமென்றால் 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், நாலு படி என்றால் ஏழு மீட்டருக்கு மேல். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் சாயப் பார்க்கும், இறங்கும்போது கை எரியும். அப்புறம் நிலைப்படி. இரண்டு சென்டிமீட்டர்தானே என்பீர்கள், ஆனால் நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, அதில் முட்டினால் நாற்காலி நிற்கும், ஆள் முன்னால் போவார். நான் ஒரு தடவை போயிருக்கிறேன், மடிக்கணினியோடு.

கதவகலத்தை அளக்கும்போது சட்டத்தை அளக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்து, மிச்சம் எவ்வளவு வழி கிடைக்கிறது என்று அளங்கள். 80 சென்டிமீட்டராவது வேண்டும், 90 இருந்தால் விரல் முட்டி உரசாது. கழிவறைக்குள் நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் தேவை. கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருக்கட்டும், உள்ளே ஒருவர் விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவை யாராலும் தள்ள முடியாது. உதவிக்கு இழுக்கிற சிவப்புக் கயிறு இருந்தால் அது தரை வரைக்கும் தொங்க வேண்டும். துடைக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைச் சுருட்டி மேலே முடிந்து வைத்துவிடுவார்கள், எத்தனையோ கட்டடங்களில் நானே அவிழ்த்து விட்டிருக்கிறேன். கயிற்றை இழுக்கப்போகிறவர் தரையில் கிடப்பார் என்பது முடிச்சுப் போட்டவருக்குத் தோன்றவே இல்லை, பாவம், அவருக்கு யாரும் சொல்லியும் தரவில்லை. அதே மாதிரிதான் குப்பைக்கூடை. மேற்கத்தியக் கழிப்பானின் பக்கத்தில் காலியாக ஓர் இடம் விட்டிருப்பார்கள், நாற்காலியை அங்கே ஒட்டி நிறுத்தித்தான் மாறி உட்கார முடியும். காலியாக ஓர் இடத்தைக் கண்டால் மனிதக் கை சும்மா இருக்காது, கூடை வந்துவிடும், அடுத்து துடைப்பம், அடுத்து வாளி. ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தபோது எங்களுக்கான கழிவறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் விடுப்பில். மாற்றுச் சாவி தேடித் திறந்து பார்த்தால் உள்ளே கூரை வரை பிளாஸ்டிக் நாற்காலிகள். கருத்தரங்கின் தலைப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இதில் எல்லாமே செலவு பிடிக்கிற வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். கூடையை நகர்த்தக் காசு வேண்டாம். தினமும் யார் நகர்த்துவது என்று ஒருவர் பெயரில் எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தீ விபத்து ஒத்திகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாருமே கேட்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முதல் கேள்வி. நெருப்பு என்றால் மின்தூக்கி கிடையாது. ஒத்திகை மணி அடித்ததும் எல்லோரும் படியில் இறங்கிப் போவார்கள், போகிற வழியில் யாராவது என்னிடம் அன்பாக, "நீங்கள் அலைய வேண்டாம், இங்கேயே இருங்கள், இது சும்மா ஒத்திகைதான்" என்பார். நானும் மூன்றாம் மாடியில் தனியாக உட்கார்ந்து ஜன்னல் வழியே கீழே தலை எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒத்திகையில் இல்லாதவர் நிஜத்திலும் திட்டத்தில் இருக்க மாட்டார். படியில் சறுக்கி இறக்குகிற வெளியேற்ற நாற்காலி என்று ஒன்று இருக்கிறது, வாங்கி வையுங்கள், இரண்டு மூன்று பேராவது அதில் பழகட்டும். யார் அவரோடு இருப்பார், அவர் விடுப்பில் போனால் அடுத்து யார், புகை வராத எந்த இடத்தில் காத்திருப்பார்கள், இதை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். பார்வையற்ற நண்பருக்கும் இதே மாதிரி. படிக்கட்டு எங்கே என்று அவர் கால் மனப்பாடம் செய்திருக்க வேண்டும், மணி அடித்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது.

இப்போது அந்த இரண்டாமவர். இங்கே நான் சொல்வதெல்லாம் என்னோடு பல வருடம் கட்டட ஆய்வுக்கு வந்த பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் கற்றது. அவருக்கு உங்கள் கட்டடத்தைவிட உங்கள் கணினி முக்கியம். திரைவாசிப்பான் என்ற மென்பொருள் திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும். என்விடிஏ என்பது இலவசம், 2006ல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் தொடங்கியது, தமிழும் வாசிக்கும். என் நண்பர் அதை ஓட்டுகிற வேகத்தில் எனக்கு அது வண்டு ரீங்காரம் மாதிரிதான் கேட்கும், அவர் அதில் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பார்.

ஆனால் அது எழுத்தைத்தான் வாசிக்கும். நீங்கள் சுற்றறிக்கையை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அவர் காதில் விழுவது "படம்" என்ற ஒரு சொல். காகிதத்தை அப்படியே வருடி எடுத்த பிடிஎஃப் என்றால் வெற்றுப் பக்கம். இதில் நம் மொழிக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு இன்னும் பல இடங்களில் புழங்குகிறது. கண்ணுக்கு அழகான தமிழ், உள்ளே இருப்பதோ சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதை அப்படியே படிக்கும், கேட்டால் யாரோ மந்திரம் சொல்வது போல இருக்கும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அவர் வருவதற்கு முன்னால் ஒரு சோதனையும் செய்து பாருங்கள்: ஒரு கணினியில் என்விடிஏ போட்டு, மௌஸைக் கழற்றி வைத்து, திரையை அணைத்துவிட்டு, உங்கள் விடுப்பு மென்பொருளில் ஒரு நாள் விடுப்புக்கு விண்ணப்பியுங்கள். "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னால் அந்தப் பட்டன்களுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை என்று அர்த்தம். மென்பொருள் கொடுத்தவரிடம் இப்போதே சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய நாளாகும். இதற்கென்று 1999 முதல் வெளிவருகிற, டபிள்யூசிஏஜி என்ற உலகப் பொதுத் தரம் இருக்கிறது, 2023ல் வந்த 2.2 வரை வளர்ந்திருக்கிறது, அதன்படி இருக்கிறதா என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும்.

கூட்டங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாமல் நடக்கிற ஒன்று, "இதோ இங்கே குறைந்திருக்கிறது, அப்புறம் அங்கே ஏறியிருக்கிறது" என்று திரையைச் சுட்டிக்காட்டிப் பேசுவது. இங்கே, அங்கே என்ற சொற்களை எடுத்துவிட்டு மாதத்தையும் எண்ணையும் வாயால் சொல்லுங்கள். என் அனுபவத்தில் கண் தெரிகிறவர்களுக்கும் அப்போதுதான் புரிகிறது. பேசத் தொடங்கும்போது பெயரைச் சொல்லுங்கள், எழுந்து போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள், காலி நாற்காலியிடம் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருப்பது எந்த மனிதருக்கும் நன்றாக இருக்காது.

அவரை எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பின்னாலிருந்து தள்ளாதீர்கள், வெள்ளைக்கோலைத் தொடவே தொடாதீர்கள். "வரட்டுமா" என்று கேட்டுவிட்டு உங்கள் முழங்கையைக் கொடுங்கள். அவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார், நீங்கள் படியில் ஏறுவதும் திரும்புவதும் உங்கள் கை வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்துக்குள் பாதி திறந்து கிடக்கிற கதவுதான் பெரிய எதிரி, கோல் அதன் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும், நெற்றி போகாது. கோல் தரையை ஒட்டியதைத்தான் கண்டுபிடிக்கும், இடுப்பு உயரத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தீயணைப்புப் பெட்டி, தொங்குகிற பூந்தொட்டி இதெல்லாம் அதற்குத் தெரியாது. மேசை நாற்காலியை இடம் மாற்றினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தரையில் கோடும் புள்ளியுமாகப் பதித்த மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள், ஜப்பானில் செய்இச்சி மியாகே வடிவமைத்து 1967ல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தது. கோடு என்றால் போகலாம், புள்ளி என்றால் நில். உங்கள் வளாகத்தில் அது இருந்தால், அதன்மேல் யாருடைய வண்டி நிற்கிறது என்று போய்ப் பாருங்கள்.

சக்கர நாற்காலிக்கும் இதே பாடம்தான். அது எங்கள் உடம்பின் ஒரு பாகம் மாதிரி. அதில் சாய்ந்து நிற்பது, பையை மாட்டுவது, கேட்காமல் தள்ளுவது வேண்டாம். சக்கரத்தின்மேல் என் விரல் இருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் பாசத்தோடு தள்ளினால் விரல்தான் போகும். தூக்க வேண்டி வந்தால் எங்கே பிடிப்பது என்று கேளுங்கள். கைப்பிடியும் கால்தட்டும் பல நாற்காலிகளில் கழன்று வருகிறவை.

பேச்சு. இதைத்தான் முதலில் கேட்டீர்கள், ஆனால் சொல்ல அதிகம் இல்லை. மாற்றுத்திறனாளி என்ற சொல் இன்று பரவிவிட்டது, கடிதத்தில் அதையே எழுதுங்கள். எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு சின்னச் சண்டை உண்டு. கால் போனதற்கு ஈடாக வேறு ஏதோ தனித் திறமை வாய்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள், எனக்குப் பாட்டும் வராது, ஓவியமும் வராது. போகட்டும். பார்வையற்றவரிடம் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லலாமா என்றால் தாராளமாகச் சொல்லலாம், அவரே நேற்று மேட்ச் பார்த்தேன் என்பார். நொண்டிச் சாக்கு, குருட்டு நம்பிக்கை, செவிடன் காதில் ஊதிய சங்கு, நம் மொழியில் இப்படி நிறைய இருக்கிறது, விட்டுவிட்டால் நல்லது. வாய் தவறி வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு பத்து தடவை மன்னிப்புக் கேட்காதீர்கள், அந்தச் சங்கடத்தைத் தேற்றுவதும் எங்கள் வேலையாகிவிடும். "எப்படி ஆச்சு?" என்று முதல் நாளே கேட்காதீர்கள், பழகினால் தானாக வரும். கூட யாராவது வந்திருந்தால், "சாருக்கு என்ன வேண்டும்" என்று அவரிடம் கேட்காமல் என்னிடமே கேளுங்கள், காது நன்றாகத்தான் கேட்கிறது.

இதையெல்லாம்விட நுட்பமான ஒதுக்கல் ஒன்று உண்டு, அதை மரியாதை என்றே நினைத்துச் செய்வார்கள். கஷ்டமான வேலையைக் கொடுக்காமல் இருப்பது. கெடு தவறினால் மற்றவர்களைக் கேட்டுவிட்டு இவரை மட்டும் கேட்காமல் விடுவது. வெளியூர்ப் பயணம் என்றால் "அவருக்கு எதற்குச் சிரமம்" என்று அவரைக் கேட்காமலே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. மாலையில் எல்லோரும் போகிற இடம் மாடியில் இருக்கிறது என்று சொல்லாமல் கிளம்பிப் போவது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அவருக்கு எந்தக் குறையும் சொன்னதில்லை, எந்தப் பதவி உயர்வும் கொடுத்ததில்லை. நான் முதல் வேலையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு அனுப்பியபோது மேலாளர் மற்றவர்களைப் போலவே என்னையும் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். முகம் வாடித்தான் போனது, ஆனால் அந்த இடத்தில் நான் ஓர் ஊழியன் என்று முதல்முறையாகத் தோன்றிய நாளும் அதுதான்.

இதன் மறுபக்கம் தேவையில்லாத புகழ்ச்சி. ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர், நகைச்சுவைக் கலைஞர், அவரும் சக்கர நாற்காலிக்காரர்தான். ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது இருபது நிமிடம் கழித்து ஒரு மாணவன் கையைத் தூக்கி, எப்போது பேச ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டானாம். பாடம்தானே நடத்திக்கொண்டிருக்கிறேன், என்ன பேச்சு என்றால், நாற்காலியில் வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்வார்களே, அந்த ஊக்கப் பேச்சு. 2014ல் அவர் ஓர் உரையில் சொன்னது இது. உங்கள் புதியவர் நேரத்துக்கு வேலைக்கு வந்ததற்காக யாரும் கைதட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இதுவரை இங்கே மாற்றுத்திறனாளிகள் யாரும் வேலை பார்த்ததில்லை" என்ற வரியை நான் நம்பவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகத்தில் ஏறக்குறைய 130 கோடிப் பேர், ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்வதாக உலக சுகாதார அமைப்பு கணக்குச் சொல்கிறது. உங்கள் அலுவலகத்தில் வலிப்புக்கு மாத்திரை போடுகிறவர் இருக்கலாம், மனச்சோர்வோடு மல்லுக்கட்டுகிறவர் இருக்கலாம், மினுக்குகிற விளக்கும் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தமும் தாங்காத ஆட்டிசம் உள்ளவர் இருக்கலாம். கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஒருவர் இருப்பாரே, அவருக்கு ஒருவேளை காது மந்தமாக இருக்கலாம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கண்ணாடி முன் நின்று குரலில்லாமல் பணம், மணம் என்று சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும். பாடு, மாடு, அதுவும் அப்படித்தான். பாதி ஊகம், பாதி பார்வை என்று நாள் முழுக்க ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் அசந்து விழுவார்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காமல், முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நின்று, ஒவ்வொருவராகப் பேசி, முடிவுகளை எழுதி அனுப்பினாலே பாதிச் சுமை குறையும். இப்போது இரண்டு பேருக்காக நீங்கள் ஏற்பாடு செய்யத் தொடங்கினால், ஏற்கெனவே இருக்கிற மூன்றாவது ஆள் மெதுவாக வாயைத் திறப்பார். அப்போது ஆச்சரியப்படாதீர்கள்.

கடைசியாக, அவர்களிடமே கேளுங்கள். ஐயோ, கேட்க வைக்காதே என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன். அவர் உங்களிடம் தினமும் கேட்பது வேறு, நீங்கள் அவரிடம் ஒரு முறை முன்கூட்டியே கேட்பது வேறு. எல்லாப் புதியவர்களுக்கும் அனுப்புகிற கடிதத்திலேயே, "உங்கள் வேலைக்கு இடத்திலோ நேரத்திலோ கருவியிலோ ஏதாவது மாற்றம் தேவையா" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நோயின் பெயரைக் கேட்க வேண்டாம், தேவையைக் கேட்டால் போதும். சேருவதற்கு ஒரு வாரம் முன்பு இருவரையும் வரச் சொல்லி, வாசலிலிருந்து இருக்கை வரை, இருக்கையிலிருந்து கழிவறை வரை கூடவே ஒரு சுற்றுப் போங்கள், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நான் மேலே எழுதியதும் அவர்கள் சொல்வதும் மோதினால் என்னுடையதை விட்டுவிடுங்கள். என் நாற்காலி வேறு, அவர் நாற்காலி வேறு. செலவைக் காட்டி யாராவது முணுமுணுத்தால், 2006ல் ஐநா பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் ஒரு வரி இருக்கிறது: மிதமிஞ்சிய சுமை இல்லாத, நியாயமான மாற்றத்தைச் செய்துதர மறுப்பதே பாகுபாடுதான் என்று. கருணைக் கணக்கில் எழுதாமல் கட்டடப் பராமரிப்புக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.

வரவேற்பு பற்றி. புதிதாகச் சேருகிற எல்லோரையும் மேடையேற்றிப் பூங்கொத்துக் கொடுப்பது உங்கள் வழக்கம் என்றால் இவர்களுக்கும் கொடுங்கள், இவர்களுக்கு மட்டும் என்றால் வேண்டாம், மற்றவர்களைப் போல ஒரு மின்னஞ்சலில் பெயரும் பொறுப்பும் அறிவித்தால் போதும். எதற்கும் அந்த மேடைக்கு ஏற எத்தனை படி என்று இப்போதே போய் எண்ணிவிட்டு வாருங்கள்.